மதுரை ஆனையூர், திருப்பாலைப் பக்கம் வீதிக்கு வீதி மெட்ரிக் பள்ளி: போட்டியால் படிப்பு உயருதா?

புதூர் கணக்கர்:
உயரும் என்பதே என் கட்சி. தொழில் போட்டியில் ஜெயிக்க 1980-ல் மேலாண்மைப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் வகுத்த மூன்று வழியும் பள்ளிக்குப் பொருந்தும். செலவைக் குறைத்து மலிவாகத் தருவது, அடுத்தவனிடம் இல்லாததைத் தருவது, ஒரு சாராரை மட்டும் குறிவைப்பது. இதில் ஒன்றை உருப்படியாகப் பிடித்தால் பள்ளி தேறும். மூன்றையும் தொட்டால்தான் கவிழும்.

ஒத்தக்கடை வாத்தியார்:
முதல் வழி இங்கே ஆகாது சார். பள்ளியில் பெரிய செலவு ஆசிரியர் சம்பளம்தான், கை வைத்தால் அதில்தான் வைப்பார்கள். தனியார் பள்ளிக் கட்டணத்துக்கான தமிழ்நாட்டின் 2009 சட்டப்படி, அரசு அமைத்த கட்டணக் குழு நிர்ணயிக்கும் தொகை மூன்று கல்வியாண்டுக்குச் செல்லும். இடையில் விலைவாசி ஏறினால் கட்டணத்தை ஏற்ற முடியாது, சம்பளத்தை ஏற்றாமல் வைக்கலாம். கணக்கு டீச்சர் காலாண்டோடு வேறு பள்ளிக்குப் போவார். புதிதாக வருபவர் விட்ட இடத்தைத் தேடவே ஒரு மாதம் ஆகும்.

வேன், பஸ் போட்டி இன்னும் மோசம். பள்ளியிலிருந்து கடைசி நிறுத்தம் 22 கி.மீ. என்று வையுங்கள். காலை, மாலை போக வர 88 கி.மீ. லிட்டருக்கு 5 கி.மீ. என்றால் 17.6 லிட்டர். டீசல் 92 ரூபாய், 210 நாள் என்று போட்டால் சுமார் 3.40 லட்சம். ஆளுக்கு ஆண்டுக்கு 12,000 வாங்கினால் 29 பிள்ளைகள் ஏறினால்தான் டீசல் காசே தேறும். டிரைவர், எஃப்.சி., இன்சூரன்ஸ் எல்லாம் அதற்கு மேல். 18 பேரோடு ஓடும் பஸ்ஸுக்கு யார் பணம் போடுகிறார்? வகுப்பறைதான்.

புதூர் கணக்கர்:
அது போட்டியின் குற்றமில்லை, கணக்குத் தெரியாத தாளாளரின் குற்றம். அந்தத் தடத்தை நிறுத்திவிட்டு 5 கி.மீ. சுற்றளவுப் பிள்ளைகளை மட்டும் பிடித்தால் அதுதான் மூன்றாவது வழி. அரசுப் பள்ளியும் இப்போது போட்டியாளர். 2020-ல் மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5% ஒதுக்கீடு வந்ததும், ஆறாம் வகுப்பிலேயே பிள்ளையை மாற்றலாமா என்று பெற்றோர் யோசிக்கிறார்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டுமே. ஐந்தாம் வகுப்புப் பெற்றோரை நிறுத்திவைக்கத் தனியார் பள்ளி கற்பித்தலில் எதையாவது காட்டியாக வேண்டாமா?

மேலூர் ரோடு:
காட்டுவது ஃபிளெக்ஸில்தான் அண்ணே. எட்டு வரை ஃபெயில் போட முடியாது, அதனால் வடிகட்டல் ஒன்பதில். மெதுவாகப் படிப்பவனுக்கு டி.சி., இல்லையென்றால் தனித்தேர்வராக எழுதச் சொல்வது. ஒன்பதில் ஜூனில் 60 பேர், மறு ஆண்டு பத்தில் எழுதுவது 51 பேர், எல்லாரும் பாஸ். 100% என்று பேனர்! மீதி 9 பேர் எங்கே? 2017-ல் ரேங்க் அறிவிப்பை அரசு நிறுத்தியது, பேனர் நிற்கவில்லை.

பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு 2017-18-ல் வந்ததே, அந்தப் பாடத்தைத் தாண்டிக் குதித்துப் பன்னிரண்டை இரண்டு வருஷம் உருப்போடும் பழக்கத்தை நிறுத்தத்தான். 2025-26 முதல் அது இல்லை. பதினொன்றில் நடக்காத இயற்பியலை நீட்டில் யார் எழுதுவது?

புதூர் கணக்கர்:
ஒன்பதாம் வகுப்புக் கணக்கு சரிதான், அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதினொன்றைக் குதிக்கும் பள்ளி நீட்டில் தானே அடிவாங்கும், அங்கே சந்தை வேலை செய்யும்.

ஒத்தக்கடை வாத்தியார்:
அடிவாங்குவது பள்ளியா சார், பையனா? அவன் ரிப்பீட்டர் வகுப்புக்குப் பணம் கட்டுவான். அந்த கோச்சிங்கையும் சில இடத்தில் அதே நிர்வாகம்தான் நடத்துது.