இரண்டு மதிப்பெண்

குழு: நம் வீடு

ஞாயிறு

அப்பா, காலை 5:06
எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். எழுந்தபிறகு படியுங்கள், அவசரம் இல்லை.

நேற்று சாயங்காலம் பாப்பா வீடியோவில் கூப்பிட்டாள். அறிவியலில் நாக்கைப் பற்றிய பாடம். நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு, ஓரங்களில் உப்பும் புளிப்பும் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன். முப்பத்து நாலு வருடம் சொன்னது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். பாப்பா நிறுத்தினாள். "எங்கள் புத்தகத்தில் அப்படி இல்லையே தாத்தா, நாக்கில் எல்லாச் சுவையும் எல்லாப் பக்கமும் தெரியும் என்று போட்டிருக்கிறது" என்றாள்.

சரி, செய்தே பார்த்துவிடுவோம் என்று இருவரும் சர்க்கரைத் தண்ணீர் கரைத்தோம். பஞ்சுக் குச்சியில் தொட்டு நுனியில் வைத்தேன், இனித்தது. வாய் கொப்பளித்துவிட்டுப் பின்பக்கம் வைத்தேன், இனித்தது. இடது ஓரம், வலது ஓரம், எங்கே வைத்தாலும் இனிப்பு. நடுவில் மட்டும் சரியாகத் தெரியவில்லை. நடு நாக்கில் சுவை மொட்டுகள் குறைவு என்று பிறகு படித்தேன்.

அதற்கப்புறம் தூக்கம் வரவில்லை. காரணம் பாப்பா இல்லை, வேறு ஒரு பிள்ளை. 1989, ஏழாம் வகுப்பு.

அம்மா, காலை 5:40
மூன்று மணிக்கு எழுந்து பரணில் இருந்து பழைய மதிப்பெண் நோட்டுகளை இறக்கிவிட்டார். முட்டி வலிக்கிறது என்பவர் ஸ்டூல் போட்டு ஏறியிருக்கிறார். யாராவது கேளுங்கள்.

அண்ணன், காலை 7:15
அப்பா, ஏணி, ஸ்டூல் எதுவும் வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்வது? நான் வரும்போது எடுத்துத் தர மாட்டேனா?

அண்ணி, காலை 7:22
மாமா, பாப்பா நேற்றிலிருந்து இதையேதான் பேசிக்கொண்டிருக்கிறாள். உப்பு, எலுமிச்சை எல்லாம் வைத்துப் பார்த்து அட்டவணை போட்டுவிட்டாள்.

நான், காலை 7:30
1989 ஏழாம் வகுப்பு என்றால் என் வகுப்பு அப்பா.

அப்பா, காலை 7:34
ஆமாம் அம்மா. நீ இரண்டாம் பெஞ்சு. அந்தப் பிள்ளை நான்காம் பெஞ்சு, ஜன்னல் ஓரம்.

மாதத் தேர்வில் ஒரு கேள்வி: நாக்கின் சுவைப் பகுதிகளைப் படத்துடன் விளக்குக. 2 மதிப்பெண். அந்தப் பிள்ளை நாக்கை வரைந்து, முன்னால், பின்னால், இரண்டு ஓரத்திலும் "இனிப்பு, இனிப்பு" என்று எழுதியிருந்தாள். கீழே ஒரு வரி: "சர்க்கரை வைத்துச் செய்து பார்த்தேன்."

நான் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டுப் பக்கத்தில் "பாடத்தில் உள்ளதை எழுது" என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். விடைத்தாள் கொடுக்கும்போது அந்த வரியை வகுப்பில் வாசித்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நான், காலை 7:41
நானும் சிரித்தேன் அப்பா. நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் நாலு நிறம் தீட்டிப் படம் போட்டிருந்தேன். நீங்கள் "நன்று" என்று எழுதினீர்கள்.

அண்ணன், காலை 8:05
அப்பா, இது உங்கள் தப்பு இல்லை. புத்தகத்தில் அப்படி இருந்தது, நீங்கள் அப்படி நடத்தினீர்கள். அன்றைக்கு எல்லா ஆசிரியரும் அதைத்தானே சொன்னார்கள். ஒன்பது கோள் என்று கூடத்தான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். அதற்கும் வகுப்பு வகுப்பாகக் கடிதம் போடுவீர்களா?

அப்பா, காலை 8:48
புளூட்டோ வேறு விஷயம்ப்பா. நீ படித்த காலத்தில் ஒன்பது என்பது சரியான விடைதான். 2006 ஆகஸ்டில் பிராக் நகரில் உலக வானியலாளர்கள் கூடி, கோள் என்றால் என்ன என்பதற்கே புது வரையறை வைத்தார்கள். புளூட்டோ அதற்குள் வரவில்லை. அதற்கு முந்தைய வருடம்தான் புளூட்டோ போலவே சூரியனைச் சுற்றும் ஏரிஸ் கிடைத்தது தெரியவந்தது. அதுவும் கோளா என்ற கேள்வி வந்ததும் வரையறை தேவைப்பட்டது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இது அப்படி இல்லை. காலையில் இருந்து தேடிப் படித்துவிட்டேன். 1901-ல் ஜெர்மனியில் ஹேனிக் என்பவர் நாக்கில் இடத்துக்கு இடம் சுவை உணர்வு கொஞ்சம் கூடும், குறையும் என்று அளந்தார். சின்ன வித்தியாசம்தான். 1942-ல் எட்வின் போரிங் அதை எடுத்துப் போட்ட வரைபடம், அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பெரிதாகக் காட்டிவிட்டது. அதில் இருந்துதான் இங்கே இனிப்பு, அங்கே கசப்பு என்ற படம் புத்தகம் புத்தகமாகப் போனது. 1974-ல் வர்ஜீனியா காலிங்ஸ் என்ற அம்மையார் திரும்ப அளந்தார். வித்தியாசம் உண்டு, ஆனால் மிகச் சிறியது, எல்லாச் சுவையும் எல்லா ஓரத்திலும் தெரிகிறது என்றார்.

நான் அந்தப் பெருக்கல் குறியைப் போட்டது 1989-ல். அதற்குப் பதினைந்து வருடம் முன்னாலேயே தெரிந்த விஷயம். அந்தக் கட்டுரை என் கைக்கு வர வாய்ப்பில்லை, அது சரி. ஆனால் சர்க்கரை என் வீட்டில் இருந்தது. நாக்கும் இருந்தது. புளூட்டோவை யாரும் தொட்டுப் பார்க்க முடியாது. இதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தொட்டுப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

அம்மா, காலை 9:10
காலைச் சாப்பாடு அப்படியே இருக்கிறது.

சித்தப்பா, காலை 10:20
அண்ணா, ஓய்வு பெற்றவர் ஓய்வாக இருக்க வேண்டாமா? அந்தப் பிள்ளைக்கு இப்போது ஐம்பதை நெருங்கியிருக்கும். எப்போதோ மறந்திருக்கும். இரண்டு மதிப்பெண்ணை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

அம்மா, காலை 10:32
அப்படிச் சொல்லாதீர்கள் தம்பி. இவர் ஓய்வு பெற்றபோது முதல் ஒரு வருடம் எட்டரை மணிக்குச் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். எங்கே என்று கேட்டால் பதில் இருக்காது. திரும்பி உள்ளே போய் மாற்றிவிடுவார். சின்ன ஊர், தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் இவரிடம் படித்தவர்கள். பெயர் மறந்துவிடும், ஆனால் எந்த பெஞ்சு என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு பிள்ளையை நினைத்துத் தூங்கவில்லை என்றால் அது லேசான விஷயம் இல்லை.

அண்ணன், காலை 10:50
எனக்குப் புரிகிறது அம்மா. அவர் உடம்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

அப்பா, காலை 11:15
பள்ளியில் இருந்தபோது திரும்பிப் பார்க்க நேரமே கிடைத்ததில்லை. ஒரு வகுப்பு முடிந்து மணி அடித்தால் அடுத்த வகுப்பு. ஐம்பது, அறுபது விடைத்தாளை இரவில் திருத்தி மறுநாள் கொடுக்க வேண்டும். இப்போது நேரம் இருக்கிறது. எனக்கு இது ஓய்வில் வந்த தொல்லை இல்லை தம்பி. ஓய்வு இதற்குத்தான் என்று தோன்றுகிறது.

அண்ணி, மதியம் 12:05
மாமா, வேறு ஒன்றும் கேட்க வேண்டும் என்று இருந்தேன். தெருப் பிள்ளைகள் பாடம் கேட்க வந்தால் வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறீர்கள் என்று அத்தை சொன்னார்கள். இப்படி ராத்திரியெல்லாம் பாடத்தை நினைக்கிற நீங்கள் ஏன் மறுக்கிறீர்கள்?

அப்பா, மதியம் 12:40
பிள்ளைகள் பேசுவது சரியாகக் காதில் விழவில்லை அம்மா. சத்தம் வருகிறது, சொல் பிரியவில்லை. "சரி" என்கிறதா "தரி" என்கிறதா என்று தெரியாமல் தலையாட்டுகிறேன். கேள்வியே புரியாமல் பதில் சொல்லக் கூடாது. ஒரு தடவை செய்தது போதும்.

அண்ணி, மதியம் 12:58
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே மாமா. காது பரிசோதனை நிலையத்தில் நான் தினமும் பார்ப்பது இதுதான். வயது ஏற ஏற முதலில் குறைவது மேல் சுருதி ஒலிகள். அ, ஆ போன்ற உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் பலமாக வரும், அது கேட்டுவிடும். ச போன்ற ஒலிகள் மேல் சுருதியில் மெல்லியதாக வரும், அது நழுவிவிடும். அதனால்தான் சத்தம் இருந்தும் சொல் பிரிவதில்லை. பிள்ளைகள் குரலே மேல் சுருதி, உங்களுக்கு அது இன்னும் சிரமம். பரிசோதனை செய்து கருவி வைத்தால் நன்றாகவே உதவும். அடுத்த வாரம் வாருங்கள், நானே பார்க்கிறேன்.

அண்ணி, மதியம் 1:01
(பாப்பா எழுதுகிறேன்) தாத்தா, நான் இனிமேல் உங்கள் முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசுகிறேன். கத்தினால் இன்னும் கலங்கும் என்று அம்மா சொன்னார்கள். அந்த அக்காவுக்கு மார்க் போட்டுவிட்டீர்களா?

அப்பா, மதியம் 1:06
இன்னும் இல்லை கண்ணு.

நான், மாலை 4:30
அப்பா, எங்கள் வகுப்புக்காரர்கள் குழு ஒன்று இருக்கிறது. அவள் அதில் இல்லை. ஆனால் ஒரு தோழியிடம் எண் இருக்கிறது. கொடுக்கலாமா என்று அவளிடமே கேட்டுவிட்டு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா, மாலை 4:36
ரொம்ப நல்லது. அவளுக்கு விருப்பம் இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

செவ்வாய்

நான், இரவு 9:12
பேசிவிட்டேன். ஒரு மணி நேரம் ஆனது, அதில் பாதி நேரம் நானும் அவளும் பேசாமலே இருந்தோம். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதுகிறேன் அப்பா. சொல்லலாம் என்று அவளே சொன்னாள்.

மதிப்பெண் அவளுக்கு ஞாபகம் இல்லை. நாங்கள் சிரித்தது ஞாபகம் இருக்கிறது. யார் யார் சிரித்தார்கள் என்பதும். என்னிடம், "நீயும் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய்" என்றாள். ஆமாம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அன்றைக்கு வீட்டுக்குப் போய் மறுபடியும் சர்க்கரை வைத்துப் பார்த்தேன். மறுபடியும் பின்னால் இனித்தது. என் நாக்கில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். ஆண்டுத் தேர்வில் அதே கேள்வி வந்தது. நுனி என்று எழுதினேன், முழு மதிப்பெண் கிடைத்தது" என்றாள்.

அம்மா, இரவு 9:15
ஐயோ, பாவம் பிள்ளை.

அண்ணன், இரவு 9:20
அப்பா படித்துவிட்டாரா?

அம்மா, இரவு 9:21
படித்துவிட்டார். பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேசவில்லை. இப்போது எதுவும் எழுதாதீர்கள்.

புதன்

அப்பா, காலை 6:02
மதிப்பெண் குறைந்ததுதான் நான் செய்த தவறு என்று நினைத்திருந்தேன். தன் நாக்கை நம்பிய பிள்ளையை நம்பாமல் போகச் செய்திருக்கிறேன். அந்த ஆண்டுத் தேர்வுத் தாளையும் நான்தான் திருத்தினேன். புரிந்துகொண்டாள் என்று சந்தோஷப்பட்டிருப்பேன்.

இன்று அவளோடு பேசலாமா என்று கேட்டுச் சொல். போனில் அவள் சொல்வது எனக்குச் சரியாக விழாது. நீ கூட இருந்து எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

நான், காலை 6:20
கேட்டுவிட்டேன். மாலை ஆறு மணிக்குப் பேசலாம் என்கிறாள். நான் ஐந்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

நான், இரவு 8:05
பேசினோம். அப்பா முதலில் எழுதி வைத்திருந்ததை வாசித்தார். "நீ எழுதியது சரியான விடை. நான் திருத்தியது தவறு. வகுப்பில் வாசித்தது அதைவிடத் தவறு." மூன்றே வரி. அவள் கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம், "சார், இதைத் தாளில் எழுதித் தருவீர்களா? சிவப்பு மையில்" என்று கேட்டாள். அவள் பையனும் எதையாவது செய்து பார்த்துவிட்டு வந்து நிற்பானாம், அவனிடம் காட்ட வேண்டுமாம்.

அப்பா, இரவு 8:30
மதிப்பெண் நோட்டில் அந்தப் பக்கம் கிடைத்துவிட்டது. மொத்தம் 50-க்கு அவள் 43. அதை ஒரு கோடு போட்டு அடித்து 45 என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமும் இன்றைய தேதியும் போட்டுவிட்டேன். மதிப்பெண்ணைத் திருத்தினால் அப்படித்தான் செய்ய வேண்டும், அழிக்கக் கூடாது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக் கடிதத்தோடு வைத்து அனுப்புவோம்.

நான், இரவு 8:34
அப்பா, அந்த மாதம் எனக்கு எவ்வளவு?

அப்பா, இரவு 8:36
44. வகுப்பில் முதலாவது.

நான், இரவு 8:37
அப்படியானால் முதலாவது அவள்தான். என் 2 மதிப்பெண்ணையும் கழித்துவிடுங்கள். நான் எழுதியது தவறான விடைதானே?

அப்பா, இரவு 8:44
கழிக்க மாட்டேன் அம்மா. நான் சொன்னதைத்தான் நீ எழுதினாய். அதை என் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். முதலாவது என்பதை மட்டும் அவள் பெயருக்கு எதிரே மாற்றி எழுதிவிட்டேன்.

நாளை வரும்போது ஒரு சிவப்பு மைப் பேனா வாங்கி வா. வீட்டில் இருப்பது காய்ந்துவிட்டது, அவள் பெயரை எழுதுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றுவிட்டது.

அண்ணி, இரவு 8:50
(பாப்பா) தாத்தா, இரண்டு பேனா வாங்கச் சொல்லுங்கள். சனிக்கிழமை நான் வருகிறேன். தெருப் பிள்ளைகளையும் கூப்பிட்டு வையுங்கள். அவர்கள் கேட்பதை நான் மெதுவாகத் திருப்பிச் சொல்கிறேன்.

அப்பா, இரவு 8:52
சரி கண்ணு. காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்கிறேன்.