ஓமோன் சில நிமிடங்களில் கலத்தின் கருவை அடைகிறது. விளைவு மட்டும் ஏன் நாட்கணக்கில் தாமதிக்கிறது?

கொக்குவில் ஆசிரியை:

யாழ்ப்பாணத்தில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்துவருகிறேன். கொழுப்பிற் கரையும் ஓமோன்கள் கலமென்சவ்வைக் கடந்து உட்சென்று, வாங்கிப் புரதத்துடன் பிணைந்து, கருவினுள் குறித்த பரம்பரை அலகுகளை (ஜீன்களை) தூது ஆர்.என்.ஏ.யாகப் பிரதிசெய்யத் தூண்டுகின்றன என்று எழுதினால் பரீட்சைக்குப் போதும். ஆனால், கருவை அடையச் சில நிமிடங்களே போதுமென்றால் வாற்பேய் தவளையாகும்போது அதன் வால் மறைய ஏன் அத்தனை நாட்கள் செல்கின்றன என்று ஒரு மாணவி கேட்டபோது, அந்த ஒரு வரியோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை. ஓமோன் குறையாமல் இருக்கும்போதே சில பரம்பரை அலகுகள் ஓய்ந்துவிடுவதாக வாசித்திருக்கிறேன். ஒரே ஓமோன், ஒரே வாங்கி. அப்படியிருக்க இது முதலில், அது பிறகு என்ற ஒழுங்கு எங்கிருந்து வருகிறது? வகுப்பிற் சொல்லக்கூடிய ஒரு பரிசோதனையோடு விளக்கினால் பெரிதும் உதவும்.

பரமேஸ்வராச் சந்தியான்:

வணக்கம், ஆசிரியை. நீங்கள் கேட்கும் பரிசோதனை பழ ஈயில் இருக்கிறது. அதைவிடத் தெளிவான ஒன்றை நான் கண்டதில்லை.

பூச்சிகளின் குடம்பி தோலுரிப்பதற்கும் கூட்டுப்புழுவாக மாறுவதற்கும் எக்டைசோன் என்ற ஸ்டீரொயிட் ஓமோனே காரணம். ஈக்களினதும் அவற்றின் உறவினங்களினதும் குடம்பியில், உமிழ்நீர்ச் சுரப்பிக் கலங்களிலுள்ள நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) ஏறத்தாழ ஆயிரம் டி.என்.ஏ. இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் அளவுக்குத் தடித்தவை; ஓரிடத்தில் பிரதிசெய்தல் மும்முரமாக நடந்தால் அவ்விடம் வீங்குவதைச் சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே பார்க்கலாம். 1960 இல் கிளெவர், கார்ல்சன் ஆகிய இருவரும் கைரோனோமஸ் என்ற ஈயின உறவுப் பூச்சியின் குடம்பிகளுக்குள் எக்டைசோனைச் செலுத்தியபோது குறித்த சில இடங்கள் விரைவிலேயே வீங்கின. ஓமோன் பரம்பரை அலகின் மீதே தொழிற்படக்கூடும் என்ற எண்ணம் வலுப்பெற்றது அப்போதுதான். வாங்கி எது என்பதே அன்று யாருக்கும் தெரியாது.

பின்னர் மைக்கேல் ஆஷ்பர்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் பழ ஈயின் சுரப்பிகளை வெளியே எடுத்து, ஓமோன் கலந்த ஊடகத்தில் வைத்து, மணித்தியாலக்கணக்கில் கவனித்தார்கள். ஒரு சில இடங்கள் நிமிடங்களுக்குள் வீங்கி, நான்கு மணித்தியாலமளவில் உச்சத்தை அடைந்து, ஓமோன் ஊடகத்தில் இருக்கும்போதே வற்றத் தொடங்கின. அவற்றைத் தொடர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட வேறு இடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீங்கின. உங்கள் வகுப்புக்கு உகந்த பகுதி இனித்தான் வருகிறது. ஓமோனோடு சேர்த்து, புரதத் தொகுப்பைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைட் என்ற பதார்த்தத்தையும் இட்டால் என்ன நடக்கும் என்று மாணவர்களை ஊகிக்கச் சொல்லுங்கள். முந்திய வீக்கங்கள் வழக்கம்போல் தோன்றின, ஆனால் வற்றவில்லை. பிந்திய வீக்கங்கள் தோன்றவேயில்லை. ஆகவே முந்தியவை வாங்கியால் நேரடியாகத் தூண்டப்படுபவை. அவற்றின் விளைபொருளான புரதங்களே தம்மைப் பிறப்பித்த பரம்பரை அலகை அடக்கி, அடுத்த தொகுதியை எழுப்புகின்றன என்று 1974 இல் அவர்கள் முன்மொழிந்தார்கள். அந்தப் புரதங்கள் எவையென்று ஒருவருக்கும் தெரியாத காலத்தில், வீக்கங்களின் ஒழுங்கை மட்டும் வைத்து எட்டிய முடிவு இது. பிற்காலத்தில் அப்புரதங்கள் இனங்காணப்பட்டபோது, ஈ75 உட்பட அவற்றுட் சில தாமும் கருவினுள் பரம்பரை அலகுகளின் மீது தொழிற்படும் கருவாங்கிக் குடும்பத்தைச் சேர்ந்தவையாகவே இருந்தன.

தாமதத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. அது எனக்கு மிகவும் பிடித்தமானது. ஈ74ஏ என்ற பரம்பரை அலகு ஏறத்தாழ 60,000 மூலச்சோடிகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) நீளமுடையது. பிரதிசெய்யும் நொதியம் நிமிடத்துக்கு 1,100 மூலச்சோடிகள் என்ற வேகத்தில் நகர்வதால், ஓமோன் வந்த கணமே தொடங்கினாலும் முதலாவது முழுமையான தூது ஆர்.என்.ஏ. வெளிவர ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஆகிறது. பரம்பரை அலகின் நீளமே அங்கு கடிகாரமாகிவிடுகிறது.

வடமராட்சியான்:

மேலே சொல்லப்பட்டதோடு முழுமையாக உடன்படுகிறேன். எனினும் மாணவி கேட்டது வாற்பேயைப் பற்றி. அங்கே கதை சற்று மாறுகிறது. 1912 இல் குடர்னாட்ஷ், தைரொயிட் சுரப்பியை உணவாகக் கொடுத்து வாற்பேய்களை உரிய காலத்துக்கு முன்பே தவளைகளாக மாறச் செய்தார். தைரொயிட் ஓமோனின் வாங்கி, ஸ்டீரொயிட் வாங்கிகள் பலவற்றைப் போல் ஓமோன் வரும்வரை கருவுக்கு வெளியே குழியவுருவில் வேறு புரதங்களின் பிடியில் காத்திருப்பதில்லை. ஓமோன் வருமுன்பே டி.என்.ஏ.யின் மீது அமர்ந்து, துணை அடக்கிப் புரதங்களை அழைத்து, அப்பரம்பரை அலகை மூடிவைத்திருக்கிறது. ஓமோன் பிணைந்ததும் வாங்கியின் உருவம் மாறுகிறது. அடக்கிகள் விலகித் துணைத் தூண்டிகள் சேர்கின்றன. டி.என்.ஏ. இழை சுற்றப்பட்டிருக்கும் கிசுத்தோன் புரதங்களில் அசற்றைல் என்ற இரசாயனக் கூட்டங்கள் ஏறி, சுருள் தளர்கிறது.

தவளையில் இவ்வாங்கி இரு வகைப்படும். அல்பா வகை கால் அரும்புகளில் முன்கூட்டியே நிறைய இருப்பதால், இரத்தத்தில் ஓமோன் சிறிதளவே இருக்கையில் பின்னங்கால்கள் வளரத் தொடங்குகின்றன. வாலில் வாங்கி குறைவு. ஓமோனின் மட்டம் உயர்ந்ததும் அது நேரடியாகத் தூண்டும் பரம்பரை அலகுகளுள் ஒன்று பீற்றா வகை வாங்கிக்கே உரியது. வாங்கி பெருகப் பெருக வாலின் உணர்திறனும் பெருகுகிறது. கொலாஜனைச் சிதைக்கும் நொதியங்கள் பெருகுவது அதற்குப் பின்னர்தான். கால்களை வைத்து நீந்தத் தெரியுமுன் வாலை இழந்த தவளை பிழைக்காது என்பதை நினைத்தால், இந்தத் தாமதம் எவ்வளவு அவசியமானது என்பது மாணவர்களுக்குத் தானாகவே விளங்கும்.

இன்னொன்றையும் சொல்லிவைக்க வேண்டும். வாங்கி டி.என்.ஏ.யில் ஏறினால் மணித்தியாலக்கணக்கில் அங்கேயே இருக்கும் என்று நம் பாடப்படங்கள் எண்ண வைக்கின்றன. அதிரீனற் சுரப்பியின் ஸ்டீரொயிட் ஓமோனான கோட்டிசோலின் வாங்கியை, ஒளிரும் புரதம் இணைத்து, உயிருள்ள கலத்தில் அவதானித்தபோது, தனித்தனி வாங்கிகள் சில செக்கன்களில் விலகிப் புதியவை அவ்விடத்துக்கு வருவது 2000 ஆம் ஆண்டில் தெரியவந்தது. நல்லூர்த் தேரின் வடத்தைப் பிடிப்பவர்கள் மாறிக்கொண்டேயிருந்தாலும் தேர் நகர்வதைப் போல, பிரதிசெய்தல் மட்டும் தொடர்கிறது. இவ்விரைவால் ஒரு பயன் உண்டு. கோட்டிசோல் இரத்தத்தில் ஏறத்தாழ மணித்தியாலத்துக்கு ஒரு தடவை துடிப்பாக ஏறி இறங்குவது. மட்டம் இறங்கியதும் பிரதிசெய்தலும் கூடவே இறங்கிவிடுகிறது. ஆய்வுகூடத்தில் கோட்டிசோலுக்குப் பதிலாகப் பெரும்பாலும் பயன்படுத்தப்படும் டெக்சாமெதசோன் என்ற செயற்கை ஸ்டீரொயிட் வாங்கியை விட்டு எளிதில் விலகாது. அதை மட்டும் வைத்து ஆராய்பவர்கள் இந்தத் துடிப்பைக் காணவே மாட்டார்கள்.

சாவகச்சேரி மருந்தாளர்:

என் வேலையிலும் இதே கால இடைவெளியை நாளாந்தம் விளக்க வேண்டியுள்ளது. தைரொயிட் ஓமோன் மாத்திரையான தைரொக்சினின் அளவை மாற்றிய மறு வாரமே இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வந்து, மருந்து வேலை செய்யவில்லை என்று கவலைப்படுபவர்கள் அநேகர். தைரொக்சினின் அரைவாழ்வுக் காலமே ஏறத்தாழ ஏழு நாட்கள். குருதியில் அதன் மட்டம் நிலைபெற ஐந்தாறு வாரங்கள் செல்லும். மூளையடியிலுள்ள பிற்றியூட்டரிச் சுரப்பியில், தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனான ரி.எஸ்.எச்.இன் பரம்பரை அலகுகளைத் தைரொயிட் வாங்கி அடக்கும் அளவும் அதற்குப் பிறகே சமநிலைக்கு வருகிறது. மறுபரிசோதனைக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் என்று வைத்தியர்கள் சொல்வது இதனால்தான். நீண்ட நாள் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மாத்திரை எடுத்தவர் அதைத் திடீரென நிறுத்தக்கூடாது என்பதும் இத்தகையதே: மாத்திரை உடலை விட்டு ஒரு நாளிற் போய்விடும், அடக்கப்பட்டிருந்த அதிரீனற் சுரப்பி மீள்வதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும்.

கொக்குவில் ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. சைக்ளோஹெக்சிமைட் பரிசோதனையை ஊகிக்கும் வினாவாகவே கொடுக்கப்போகிறேன். ஒன்று மட்டும் எஞ்சியிருக்கிறது. ஓமோன் முற்றாக அகன்ற பிறகு, முன்னொரு தடவை தூண்டப்பட்டதன் சுவடு கலத்தில் ஏதாவது எஞ்சுமா?

பரமேஸ்வராச் சந்தியான்:

எஞ்சும், இதற்குச் சேவலைப் பாருங்கள். மஞ்சட்கருவுக்கான விற்றலோஜெனின் புரதத்தைப் பேட்டுக் கோழியின் ஈரலே உண்டாக்குகிறது. சேவலிலும் அதே பரம்பரை அலகு உண்டு, அது உறங்கிக்கிடக்கிறது. சேவலுக்குப் பெண் ஓமோனான ஈஸ்திரோஜனை ஏற்றினால், சற்றுத் தாமதித்து அதன் ஈரலும் இப்புரதத்தை உண்டாக்கத் தொடங்குகிறது. ஓமோன் நீங்கியதும் உற்பத்தி நின்றுவிடும். வாரங்கள் கழித்து மறுபடியும் ஏற்றும்போது அந்தத் தாமதம் பெரிதும் குறைகிறது. உற்பத்தியும் முதல் தடவையை விட அதிகம். முதற் தூண்டலின்போது அப்பரம்பரை அலகை அண்டி டி.என்.ஏ.யில் ஒட்டியிருந்த மெதைல் என்ற இரசாயனக் கூட்டங்கள் சில அகற்றப்பட்டு, ஓமோன் போன பின்பும் அவ்வாறே இருப்பது அவதானிக்கப்பட்டிருக்கிறது.

பிரதிசெய்தல் ஓய்ந்த பின் ஏற்கெனவே உண்டான தூது ஆர்.என்.ஏ. எவ்வளவு காலம் நிலைக்கிறது என்பதும் கணக்கில் வரவேண்டும். செனோபஸ் தவளையின் ஈரலில் விற்றலோஜெனின் தூது ஆர்.என்.ஏ.யின் அரைவாழ்வு, ஈஸ்திரோஜன் இருக்கையில் ஏறத்தாழ 480 மணித்தியாலம். ஓமோனை அகற்றினால் 16 மணித்தியாலம். அதாவது, ஓமோன் பிரதிசெய்தலைத் தூண்டுவதோடு நின்றுவிடாமல், பிறந்த தூதையும் சிதையாமற் காக்கிறது. வகுப்பில் நேர அச்சை வைத்து ஒரு வரைபு கீறுவதானால், ஏறும் சரிவையும் இறங்கும் சரிவையும் ஒரேயளவாகக் காட்ட வேண்டாம்.