கீசர் ஆனோடு ராடு: நாமளே மாத்தலாமா?

வள்ளியூர் வாசி:
25 லிட்டர் கீசர், கிளாஸ்லைன் டேங்க் (உள்ள கண்ணாடிப் பூச்சு), நாலு வருசப் பழசு. போர் தண்ணி, நல்ல உப்பு. சுடுதண்ணி மட்டும் லேசா செம்மண் நிறத்துல வருது, பச்சத்தண்ணி தெளிவு. டேங்க் துருப்பிடிக்காம இருக்க உள்ள தான் கரையுற கம்பி, அந்த ஆனோடு ராடை மாத்தினாப் போதுமா அண்ணாச்சி, இல்ல டேங்கே போச்சா?

பேட்டை பிளம்பர்:
ஒழுகலைன்னா ராடு மாத்திப் பாக்கலாம். ஒழுகுனா அதுக்குக் காசு போடாதீங்க.

கரண்ட் போர்டுல இருக்க எம்.சி.பி. பிரேக்கரை இறக்குங்க, சுவிட்சை நம்பாதீங்க. தண்ணி ஆறினப்புறம் வர்ற வால்வை அடைச்சு, ரெண்டு ஹோஸையும் கழட்டுங்க. சுடுதண்ணி பைப்பு டேங்குக்குள்ள மேல்மட்டம் வரை நிக்கும். அது வழியா காத்து ஏறினாத்தான் பச்சத்தண்ணி வழியா தண்ணி இறங்கும். பச்சத்தண்ணிப் பக்கம், தண்ணியைத் திரும்ப விடாத நான்-ரிட்டர்ன் வால்வையும் எடுத்துருங்க, இல்லன்னா சொட்டுகூட வராது.

கீழ்மூடியைத் திறந்ததும் ஒயரைப் போட்டோ எடுத்துக்கிடுங்க. தெர்மோஸ்டாட்டை உருவிட்டு, காயில் மாட்டியிருக்க தகடு, அதான் பிளாஞ்ச், அதோட நட்டைக் கழட்டினா, பெரும்பாலான மாடல்ல காயிலும் ராடும் சேந்தே வரும். தடிமன் பாதிக்குமேல கரைஞ்சிருந்தா மாத்திரணும். சிலதுல மெக்னீசியம் முழுக்கப் போயி நடுக்கம்பி மட்டும் துரும்பா நிக்கும். அதைக் கையோட கடைக்குக் கொண்டுபோங்க. நீளமும் மரையும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

மரையில டெஃப்ளான் டேப் சுத்திருதாங்க, அது தப்பு. ராடு உலோகத்தோட உலோகமா தொட்டாத்தான் தான் கரைஞ்சு இரும்பைக் காப்பாத்தும். பிளாஞ்ச் ரப்பர் வாசர் புதுசாப் போடுங்க. நட்டை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும்.

பாளை எலக்ட்ரீசியன்:
காயில்ல படிஞ்ச உப்புப் பொறுக்கு சிட்ரிக் ஆசிட் கலந்த வெந்நீர்ல ஊற வச்சா இளகும். டேங்குக்குள்ள ஸ்குரூடிரைவர் விட்டுச் சுரண்டாதீங்க, கிளாஸ் பூச்சு தெறிச்ச இடத்துலதான் துரு பிடிக்கும். திசையன்விளை, ராதாபுரம் மாதிரி உப்புத் தண்ணின்னா வருசத்துக்கு ஒருக்கா திறந்து பாக்கணும். கடினத் தண்ணியை மென்மையாக்குற சாப்ட்னர் போட்டா பொறுக்கு குறையும், ராடு கரையுறது நிக்காது.

வள்ளியூர் வாசி:
சுடுதண்ணில அழுகின முட்டை வாடையும் இருக்கே?

பாளை எலக்ட்ரீசியன்:
தண்ணில சல்பேட்டும் அதைத் தின்னுற பாக்டீரியாவும் இருந்தா, மெக்னீசியம் ராடு அந்த வாடையைக் கூட்டும். அலுமினியம்-ஜிங்க் ராடு கிடைச்சா போடுங்க. சிலபேர் ராடையே எடுத்துட்டு ஓட்டச் சொல்லுவாங்க, கேக்காதீங்க. அப்படி ஓட்டினா டேங்க் சீக்கிரம் ஓட்டையாகும்.

பேட்டை பிளம்பர்:
ஒண்ணு விட்டுப்போச்சு. மாட்டினப்புறம் சுடுதண்ணிக் குழாயில காத்து விட்டு விட்டு வராம ஒரே சீரா தண்ணி வரணும். பிளாஞ்சைச் சுத்தி பேப்பர் வச்சு ஈரம் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் எம்.சி.பி.யைப் போடுங்க. காலி டேங்க்ல போட்டா காயில் எரிஞ்சிரும்.