நோட் வெர்ஷன் ஆளுக்கொன்றாக இருக்கிறது, பெட்டர்-எஸ்க்யூலைட்3 ஏற மறுக்கிறது. எங்கே பூட்டுவது?

ஊசிமல்லி (கேள்வி)

ஐந்து பேர் சேர்ந்து எழுதும் எக்ஸ்பிரஸ் ஏபிஐ, நோடில் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் மென்பொருள்) ஓடுகிறது. தரவுக்கு பெட்டர்-எஸ்க்யூலைட்3, கடவுச்சொல்லுக்கு பிகிரிப்ட். இரண்டு பேரின் லேப்டாப்பில் மட்டும் சர்வரைத் தொடங்கும்போதே விழுகிறது. பிழை சொல்வது: இந்த மாட்யூல் நோட்_மாட்யூல்_வெர்ஷன் 115-க்கு கம்பைல் ஆனது, இப்போதைய நோடுக்கு 127 வேண்டும். மற்ற மூவருக்குப் பிரச்சினை இல்லை. சிஐ-யிலும் (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாக டெஸ்ட் ஓட்டும் அமைப்பு) டெஸ்ட் எல்லாம் பச்சை.

ரெப்போவில் இப்போது இருப்பவை:

- .என்விஎம்ஆர்சி கோப்பில் (நோட் வெர்ஷன் மாற்றும் கருவியான என்விஎம் படிப்பது) எல்டிஎஸ்/* (நீண்டகால ஆதரவு வெர்ஷன்)
- பேக்கேஜ்.ஜேசனில் எஞ்சின்ஸ்: நோட் >=18
- கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் செட்டப்-நோடுக்கு எல்டிஎஸ்/*
- டாக்கர்ஃபைலில் நோட்:எல்டிஎஸ்

இதோடு, யார் என்பிஎம் இன்ஸ்டால் ஓட்டினாலும் லாக் கோப்பில் (இறக்கிய பேக்கேஜ்களின் வெர்ஷன்களைக் குறித்துவைக்கும் கோப்பு) சம்பந்தமில்லாத வரிகள் மாறுகின்றன. ஒருவருக்கு விஎஸ் கோடுக்குள்ளிருந்து கமிட் செய்தால் ஹஸ்கி ஹுக் (கமிட்டின்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட்), நோட் இல்லை என்கிறது. டெர்மினலில் அதே கமிட் போகிறது. நோட்_மாட்யூல்ஸை அழித்துத் திரும்பப் போட்டால் சில நாள் சரியாக இருக்கிறது, பிறகு பழைய கதைதான்.

கட்டுமரம்22

அந்த எண்கள் நோடின் ஏபிஐ அல்ல, ஏபிஐ-க்கு அடியில் இருக்கும் பைனரி ஒப்பந்தத்தின் (கம்பைல் ஆன மாட்யூலும் நோடும் ஒட்டும் முறை) எண்கள். மேஜர் வெர்ஷனுக்கு ஒன்று: நோட் 18-க்கு 108, 20-க்கு 115, 22-க்கு 127, 24-க்கு 137. ஆக, அந்த இருவரும் 20-இல் இன்ஸ்டால் செய்துவிட்டு 22-இல் ஓட்டுகிறார்கள்.

இது எப்படி நேர்கிறது என்றால், என்விஎம் கோப்புறைக்குள் நுழைந்தவுடன் தானாக வெர்ஷன் மாற்றாது. புது டெர்மினல் திறந்தால் டிஃபால்ட் என்று வைத்திருக்கும் நோட்தான் வரும். ஒரு ஜன்னலில் 20, பக்கத்து ஜன்னலில் 22. பிழை வரும் அதே ஜன்னலில் இந்த இரண்டையும் ஓட்டிப் பாருங்க:

- விச் நோட்
- நோட் -பி ப்ராசஸ்.வெர்ஷன்ஸ்.மாட்யூல்ஸ்

இரண்டாவது 127 என்று சொன்னால் விஷயம் உறுதி. அப்போதைக்கு என்பிஎம் ரீபில்ட் பெட்டர்-எஸ்க்யூலைட்3 போதும். இப்போதைய நோடுக்கான தயார் பைனரியை இறக்கிவிடும், இல்லையென்றால் அங்கேயே கம்பைல் செய்யும். முழுசா சுத்தம் செய்யணும்னா என்பிஎம் சிஐ, அது நோட்_மாட்யூல்ஸைத் தானே அழித்துவிட்டுத்தான் தொடங்கும்.

பிகிரிப்ட் ஏன் விழவில்லை என்று தோன்றலாம். அது நோட்-ஏபிஐ வழியாக எழுதப்பட்டது, மேஜர் மாறினாலும் அதே பைனரி ஓடும். பெட்டர்-எஸ்க்யூலைட்3 நேராக நோடுக்குள் இருக்கும் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8-ஐத் தொடுகிறது, அதனால்தான் முதலில் அழுவது அது.

தறிநாடா

மேலே சொன்னது வைத்தியம். நோய், எல்டிஎஸ்/* என்ற அந்த ஒரு வரி. அது ஒரு வெர்ஷனே இல்லை, நகர்ந்துகொண்டே இருக்கும் பெயர். 2024 அக்டோபரில் 22 எல்டிஎஸ் ஆனது, 2025 அக்டோபரில் 24. லேப்டாப்பில் என்விஎம் அந்தப் பெயரை கடைசியாக ரிமோட் பட்டியல் பார்த்த நாளின்படி வைத்திருக்கும். சிஐ-யும் டாக்கரும் இன்றைய நிலவரத்தை எடுக்கும். சிஐ ஓட்டப் பதிவைத் திறந்து பாருங்கள், 24 என்று இருக்கும். அங்கே இன்ஸ்டாலும் ஓட்டமும் ஒரே நோடில் நடப்பதால் இந்தப் பிழை வராது. ஆனால் உங்கள் டெஸ்ட் பச்சையாவது யார் மேசையிலும் இல்லாத நோடில்.

எண்ணை ஒரே இடத்தில் எழுதி, மற்றதெல்லாம் அதைப் படிக்கும்படி செய்யுங்கள்.

.என்விஎம்ஆர்சி-யில் முழு எண்: 22.18.0. முன்னால் "வி" எழுத்து வேண்டாம். நோட் -வி வெளியீட்டை அப்படியே கோப்பில் கொட்டினால் அந்த எழுத்து ஒட்டிக்கொள்ளும். என்விஎம் அதைப் பொறுத்துக்கொள்ளும், டாக்கர் பொறுக்காது, ஏனென்றால் "வி" போட்ட டேக் அங்கே கிடையாது.

செட்டப்-நோடில் நோட்-வெர்ஷன் வரியை எடுத்துவிட்டு நோட்-வெர்ஷன்-ஃபைல் என்று போட்டு .என்விஎம்ஆர்சி-யைக் காட்டுங்கள். இரண்டையும் சேர்த்து வைக்காதீர்கள், நோட்-வெர்ஷன்தான் வெல்லும்.

டாக்கர்ஃபைலில் ஃப்ரம் வரிக்கு மேலே ஆர்க் நோட்_வெர்ஷன் என்று அறிவித்து, இமேஜ் பெயரில் அதைப் பொருத்தி, கடைசியில் -புக்வோர்ம்-ஸ்லிம் சேர்க்க வேண்டும். பில்ட் செய்யும்போது .என்விஎம்ஆர்சி உள்ளடக்கத்தை பில்ட்-ஆர்க் ஆகக் கொடுங்கள். ஆர்குக்கு டிஃபால்ட் மதிப்பு வைக்க வேண்டாம். மதிப்பு தராமல் பில்ட் செய்தால் விழட்டும், அதுதான் வேண்டும். டாக்கர்இக்னோரில் நோட்_மாட்யூல்ஸ் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேக்கில் இன்ஸ்டால் செய்ததை லினக்ஸ் கன்டெய்னருக்குள் காப்பி செய்தால் "இன்வேலிட் இஎல்எஃப் ஹெடர்" என்று வேறொரு பிழை வரும், மேலே உள்ளதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கட்டுமரம்22

எஞ்சின்ஸ் பற்றியும் சொல்லிடுறேன். தனியா அது வெறும் எச்சரிக்கை. "இபேட்எஞ்சின்" என்று மஞ்சளில் ஒரு வரி ஓடும், யாரும் படிக்க மாட்டாங்க. .என்பிஎம்ஆர்சி-யில் எஞ்சின்-ஸ்ட்ரிக்ட்=ட்ரூ வைத்தால் நிறுத்தும். ஆனா அது சார்புப் பேக்கேஜ்களின் எஞ்சின்ஸ் வரியையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளும். என்றோ எழுதிய ஒரு சின்ன லைப்ரரி "நோட் 16-ஐத் தாண்டாதே" என்று சொல்லியிருந்தால் மொத்த இன்ஸ்டாலும் நிற்கும்.

என்பிஎம் 10.9 முதல் டெவ்எஞ்சின்ஸ் என்ற புலம் இருக்கு. அது உங்க ரெப்போவை மட்டும்தான் பார்க்கும். ரன்டைம் பகுதியில் பெயர் நோட், வெர்ஷன் 22.x, ஆன்ஃபெயில் எரர். இங்கே முழு எண் எழுத வேண்டாம், எழுதினா மாற்றவேண்டிய இடம் இரண்டாகிடும். மேஜர் தவறினா தடுத்தா போதும்.

லாக் கோப்பு மாறுவதும் இதே காரணம்தான். நோட் கூடவே ஒரு என்பிஎம் வருது: 22-இல் 10, 24-இல் 11. ஒவ்வொன்றும் லாக் கோப்பைக் கொஞ்சம் வேறு மாதிரி எழுதும். நோடைப் பூட்டினா என்பிஎம்மும் பூட்டப்படும், யாராவது என்பிஎம்மை குளோபலாக மேம்படுத்தியிருந்தா தவிர. ஐந்து பேரும் என்பிஎம் -வி ஓட்டி எண்ணைக் குழுவில் போடுங்க, ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்.

நடுக்கடல்

22.18.0 என்று கடைசி எண்வரை பூட்டுவது அதிகப்படி இல்லையா? வெறும் 22 என்று எழுதினாலும் 127 மாறாது. செக்யூரிட்டி பேட்ச் தானாக வரும்.

தறிநாடா

இந்தப் பிழைக்கு 22 போதும், உண்மை. ஆனால் மேஜருக்குள்ளும் நடத்தை மாறும். 22.12-இல்தான் இஎஸ் மாட்யூலை ரிக்வயர் செய்வது ஃபிளாக் இல்லாமல் வேலை செய்யத் தொடங்கியது. 22.18-இல் டைப்ஸ்கிரிப்ட் கோப்பை நோட் நேராக ஓட்ட ஆரம்பித்தது. 22.18 உள்ளவர் எழுதிய ஸ்கிரிப்ட் 22.11 உள்ளவரிடம் விழும், இருவரும் "என்னிடமும் 22-தான்" என்பார்கள்.

பேட்ச் விஷயத்தில் நீங்கள் கேட்பது நியாயம். முழு எண்ணில் பூட்டினால் யாராவது கைவைக்கும்வரை அது நகராது. ரெனவேட் என்ற தானியங்கிக் கருவி .என்விஎம்ஆர்சி-யைப் படித்துப் புல் ரிக்வெஸ்ட் போடும், அதை இயக்கிவிட்டால் ஏற்றம் சிஐ-யைத் தாண்டித்தான் உள்ளே வரும்.

ஊசிமல்லி

சிஐ ஓட்டப் பதிவில் 24 தான். .என்விஎம்ஆர்சி, டாக்கர், டெவ்எஞ்சின்ஸ் மூன்றும் மாற்றியாயிற்று, இரண்டு லேப்டாப்பிலும் 127 வருகிறது, சர்வர் எழுகிறது. ஹஸ்கி மட்டும் பாக்கி. எங்களில் இருவர் என்விஎம்முக்குப் பதிலாக மைஸ் என்ற வெர்ஷன் கருவியைப் பயன்படுத்துகிறார்கள், அவர்களுக்கு .என்விஎம்ஆர்சி எடுபடவில்லை.

கட்டுமரம்22

என்விஎம் ஒரு ப்ரோக்ராம் இல்ல, ஷெல் ஃபங்ஷன். பாஷ்ஆர்சி ஓடினாதான் பிறக்கும். டெர்மினலிலிருந்து இல்லாம ஐகானிலிருந்து திறக்கும் விஎஸ் கோடு அதைப் படிக்காம விட்டுடலாம், அப்போ ஹுக்குக்கு நோட் தெரியாது. ஹஸ்கி 9-இல் ஹோம் கோப்புறைக்குள் .கான்ஃபிக்/ஹஸ்கி/இனிட்.எஸ்எச் என்று ஒரு கோப்பு வச்சா ஒவ்வொரு ஹுக்குக்கும் முன்னால் அது ஓடும். அதில் என்விஎம்_டிர்-ஐ ஏற்றுமதி செய்து என்விஎம்.எஸ்எச்-ஐ சோர்ஸ் செய்யுங்க, கடைசியில் என்விஎம் யூஸ். அந்தக் கோப்பு ரெப்போவில் இருக்காது, அவரவர் மெஷினில் வைக்கணும்.

மைஸ் இப்போ .என்விஎம்ஆர்சி-யைத் தானா படிக்காது. செட்டிங்கில் இடியோமேட்டிக்_வெர்ஷன்_ஃபைல்_எனேபிள்_டூல்ஸ் பட்டியலில் நோடைச் சேர்க்கணும். தனியா மைஸ்.டாம்ல் வச்சு அதில் இன்னொரு எண் எழுதாதீங்க.

தறிநாடா

ஒன்று விட்டுப்போனது. சிஐ-யில் நோட்_மாட்யூல்ஸையே கேஷ் செய்கிறீர்கள் என்றால் கேஷ் கீயில் லாக் கோப்பின் ஹாஷ் மட்டும் போதாது, .என்விஎம்ஆர்சி-யின் ஹாஷும் வேண்டும். இல்லையென்றால் அடுத்த மேஜருக்குப் போகும் அன்று பழைய பைனரி கேஷிலிருந்து இறங்கி, இதே பிழை சிஐ-யில் வரும். செட்டப்-நோடின் கேஷ்: என்பிஎம் மட்டும் என்றால் கவலையில்லை, அது இறக்கிய டார் கோப்புகளைத்தான் வைத்திருக்கும்.

ஊசிமல்லி

நாங்கள் நோட்_மாட்யூல்ஸைத்தான் கேஷ் செய்துகொண்டிருந்தோம். கீயை மாற்றிவிட்டேன். இனிட்.எஸ்எச் வைத்த பிறகு விஎஸ் கோடு கமிட்டும் போகிறது. இழையைத் தீர்ந்தது என்று குறிக்கிறேன்.