பக்கத்து வீட்டுப் பெரியவரும் பென்சில் கணிப்பும்

கணிப்புப் போட்டி என்று பேச்சு வந்ததும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு பழைய ஃபிரிட்ஜின் கதவு. சின்சினாட்டியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் கார் ஷெட்டில் அது நிற்கிறது. ஜனவரி பிறந்துவிட்டால் அந்தக் கதவில் இரண்டு தாள்கள் தொங்கும். ஒன்று அவருடையது, மற்றொன்று என்னுடையது. என்.எஃப்.எல். என்ற கால்பந்து லீகின் பிளேஆஃப், அதாவது பருவக் கடைசி நாக்அவுட் ஆட்டங்களில் யார் ஜெயிப்பார்கள், எத்தனைக்கு எத்தனை என்று முன்கூட்டியே எழுதிக் காந்தத்தால் ஒட்டிவிட வேண்டும். ஒட்டிய பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது.

நான் சொல்வது அமெரிக்கக் கால்பந்து. பெயரில்தான் கால் இருக்கிறது, பந்து பெரும்பாலும் கையில்தான் போகும். 2020 பருவத்திலிருந்து பிளேஆஃபுக்கு 14 அணிகள் வருகின்றன. ஏ.எஃப்.சி., என்.எஃப்.சி. என்ற இரு பிரிவுகளிலும் ஏழு ஏழு. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பிடித்த அணிக்கு மட்டும் முதல் வாரம் ஓய்வு. தோற்றால் அன்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். முதல் சுற்றில் ஆறு ஆட்டங்கள், அடுத்ததில் நான்கு, அதற்கடுத்து இரண்டு, கடைசியில் சூப்பர் பௌல். ஆக 13. எங்கள் கணக்கில் முதல் சுற்றில் சரியாகச் சொன்னால் ஆட்டத்துக்கு 1 புள்ளி, பிறகு 2, பிறகு 4, சூப்பர் பௌலுக்கு 8. தோற்றவர் சமைத்துப் போட வேண்டும். நான் தோற்றால் மெதுவடை. அவர் தோற்றால் இந்த ஊர்ச் சில்லி: பட்டை மணக்கும் கொத்துக்கறிக் குழம்பை ஸ்பாகெட்டிமேல் ஊற்றி, அதன்மேல் துருவிய சீஸை மலைபோலக் குவித்துத் தருவார்.

2019 இலையுதிர் காலத்தில் நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தோம். அடுத்த ஜனவரியில் அவரே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். தொழிற்சாலையில் கடைசல் இயந்திரம் ஓட்டி ஓய்வுபெற்றவர். அங்கே வேலை பார்த்த காலத்தில் கூட்டாளிகளோடு இந்தப் போட்டியை நடத்தியவர். அவர்களில் பலர் இப்போது ஊரில் இல்லை, சிலர் உயிரோடு இல்லை. "உனக்கு எண்கள் பிடிக்குமே, வருகிறாயா?" என்று கேட்டார். நான் தரவு ஆய்வு வேலையில் இருப்பவன். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

முதல் வருடமே செம அடி. அந்தப் பருவத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் 16 ஆட்டங்களில் 14ஐ ஜெயித்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் பெயரை எழுதினேன். ஆறாவது இடத்தில் உள்ளே நுழைந்த டென்னசி டைட்டன்ஸ் அவர்களை 28-12 என்று வீட்டுக்கு அனுப்பியது. அடுத்த வருடம் கொரோனா. தாள்களைத் துணிக் கிளிப் போட்டு வேலியில் மாட்டிப் பரிமாறிக்கொண்டோம். சூப்பர் பௌலுக்கு நான் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் என்று எழுதினேன், அவர் டாம்பா பே என்று எழுதினார். முடிவு டாம்பாவுக்கு 31-9. எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "சீஃப்ஸின் குவார்ட்டர்பேக்குக்கு, அதான் பந்தை எறிகிறவருக்கு, இடமும் வலமும் நின்று காக்கிற இரண்டு பேருமே காயத்தில் வெளியே இருக்கிறார்கள். மஹோம்ஸ் எவ்வளவு பெரிய ஆட்டக்காரராக இருந்தாலும் பந்தை எறிய மூன்று வினாடி வேண்டாமா?" என்றார். எல்லோரும் பந்தைப் பார்க்கிறோம். அவர் பந்துக்கு முன்னால் மல்லுக்கட்டுகிற பெரிய உடம்புக்காரர்களைப் பார்க்கிறார். அதன்பிறகு நானும் காயப் பட்டியலைத்தான் முதலில் படிக்கிறேன்.

அந்த இரண்டு வருடங்களிலும் அவருடைய அணியான சின்சினாட்டி பெங்கால்ஸ் பிளேஆஃபுக்கு வரவே இல்லை. அதனால் அவருடைய ஒரு வழக்கம் எனக்குத் தெரியாமலே இருந்தது.

2022 ஜனவரியில் பெங்கால்ஸ் வந்தது. முதல் ஆட்டம் ரெய்டர்ஸுடன், அதுவும் சொந்த ஊரில். நகரமே ஆரஞ்சு நிறம் பூசிக்கொண்டிருந்தது. தாளை ஒட்டப் போனேன். அவருடைய தாளில் ஐந்து ஆட்டங்கள் நீலப் பேனாவில் இருந்தன. பெங்கால்ஸ் ஆட்டம் மட்டும் பென்சிலில். ஜெயிக்கும் அணி என்ற இடத்தில் ரெய்டர்ஸ் என்று எழுதியிருந்தார். அழுத்தி எழுதியதில் முனை ஒடிந்து தாளில் ஒரு சிறு பள்ளம் விழுந்திருந்தது. தவறி எழுதிவிட்டாரோ என்று கேட்டேன். "தவறில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, பேனாக் கத்தியை எடுத்துப் பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்.

அன்றிரவு பெங்கால்ஸ் 26-19 என்று ஜெயித்தது. கடைசி 12 வினாடியில், கோல் கோட்டருகே ஜெர்மெய்ன் பிராட் பந்தை இடைமறித்த பிறகுதான் மூச்சு வந்தது. 1991 ஜனவரிக்குப் பிறகு அந்த அணியின் முதல் பிளேஆஃப் வெற்றி அது. 31 வருடம்! தெருவெல்லாம் கார் ஹாரன். அவர் தன் கணிப்பின்மேல் பெருக்கல் குறி போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அப்போதுதான் காரணத்தைச் சொன்னார்.

1982 ஜனவரி 10. பழைய ரிவர்ஃபிரண்ட் மைதானம். பெங்கால்ஸ் சான் டியாகோ சார்ஜர்ஸை 27-7 என்று வென்ற ஆட்டம். குளிர் மைனஸ் 23 டிகிரி செல்சியஸ், போதாததற்கு ஓஹையோ ஆற்றுக் காற்று. 28 வயதில், தன் அப்பாவோடு அங்கே உட்கார்ந்திருந்தார். பெங்கால்ஸின் முன்வரிசைக்காரர்கள் நீளக்கைச் சட்டை போடாமல் கைகள் வெளியே தெரிய ஆடியதைச் சொல்லும்போது தன் முழங்கையைத் தடவிக்கொண்டார். இரண்டே வாரத்தில் சூப்பர் பௌலில் சான் பிரான்சிஸ்கோ 49ர்ஸிடம் 26-21 என்று தோற்றார்கள். அதைத் தாங்கிக்கொண்டாராம். 1989 ஜனவரியில் மறுபடியும் அதே 49ர்ஸ், அதே சூப்பர் பௌல். முந்தின நாள் தொழிற்சாலை முழுக்க நடந்து நடந்து, கோப்பை நமக்குத்தான் என்று இவர் சொல்லியிருக்கிறார். மூன்று நிமிடம் சொச்சம் இருக்கும்போது பெங்கால்ஸ் 16-13 என்று முன்னிலை. ஜோ மொன்டானா தன் கோட்டுக்கு எட்டு யார்டு முன்னாலிருந்து தொடங்கி 92 யார்டு நகர்த்திக்கொண்டு போய், 34 வினாடி மிச்சம் இருக்கும்போது எதிரணியின் கோல் கோட்டுக்குள் பந்தை வீசி டச் டவுன் போட்டார். 20-16. "நான் வாய் திறந்து சொன்னதால் வந்தது" என்றார் பெரியவர். அன்றிலிருந்து தன் அணி ஜெயிக்கும் என்று அவர் எழுதியதே இல்லை. 49ர்ஸ் தோற்கும் என்றும் எழுதியதில்லை.

கோவில்பட்டியில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். ஃபுட்பால் என்றால் என்ன என்றே அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் நான் சொல்லி முடிக்கும் முன்பே, "தான் பெற்ற பிள்ளையை அழகு என்று தாய் சொல்வாளா? கன்னத்தில் மை அல்லவா வைப்பாள். அந்த அண்ணாச்சி மை வைக்கிறார்" என்றார். பென்சில் கரி! அடுத்த நாள் அவரிடம் விளக்கிச் சொன்னபோது பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது. "உன் அம்மாவுக்கு இந்த ஆட்டம் புரிகிறது" என்றார்.

முதல் சுற்று முடிவில் ஆளுக்கு ஐந்து. நான் டல்லஸ் கௌபாய்ஸை நம்பி ஒன்றைக் கோட்டைவிட்டிருந்தேன். அங்கே ஜெயித்ததும் அவர் எழுதிய 49ர்ஸ்தான்.

இரண்டாம் சுற்று, ஜனவரி 22, 23. என்.எஃப்.எல். பார்க்கிறவர்கள் யாரும் அந்த இரண்டு நாட்களை மறந்திருக்க மாட்டார்கள். நான்கு ஆட்டங்களும் கடைசிப் பந்தில் முடிந்தன. சனிக்கிழமை நாஷ்வில்லில் டைட்டன்ஸ் - பெங்கால்ஸ். பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவை ஒன்பது முறை கீழே சாய்த்தார்கள். ஷெட் சுவரில் பெரியவர் ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். 16-16. இருபது வினாடி இருக்கும்போது டைட்டன்ஸின் பந்தை லோகன் வில்சன் பிடித்தார். கடைசியில் 52 யார்டு ஃபீல்டு கோல். உதைக்கப்போவது எவன் மெக்ஃபெர்சன், அந்த வருடம்தான் அணிக்கு வந்த பையன். பெரியவர் எழுந்து டி.வி.க்கு முதுகைக் காட்டி நின்றார். "நீ டி.வி.யைப் பார், நான் உன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நான் என்ன முகம் காட்டினேனோ தெரியாது. பந்து கம்பங்களுக்கு நடுவே போவதற்குள் அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அந்த 19-16 எனக்கு 2 புள்ளி.

மறுநாள் சீஃப்ஸ் - பஃபலோ பில்ஸ். என் தாளில் பில்ஸ். 13 வினாடி இருக்கும்போது பில்ஸ் 36-33 என்று முன்னிலை பெற்றதும் சிவப்புப் பேனாவை எடுத்து என் கணிப்புக்கு எதிரே சரி என்று குறிபோட்டுவிட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து, "பொறு, கடிகாரம் நிற்கவில்லை" என்றார். மஹோம்ஸ் இரண்டே வீச்சில் 44 யார்டு கடந்தார். சீஃப்ஸின் பட்கர் 49 யார்டிலிருந்து உதைத்து சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் டாஸ் ஜெயித்த சீஃப்ஸ் நேராக டச் டவுன் போட்டது, 42-36. பில்ஸின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் கைக்குப் பந்து வரவே இல்லை. பிளேஆஃபின் கூடுதல் நேரத்தில் இரு அணிக்கும் பந்து கிடைக்க வேண்டும் என்று இரண்டே மாதத்தில் விதியை மாற்றினார்கள். நியாயமான மாற்றம், ஆனால் பில்ஸ் ரசிகர்களுக்கு அதனால் என்ன ஆறுதல்? சரிக்குறிமேல் நான் அடித்த கோடு அந்தத் தாளில் இன்றும் இருக்கிறது. 49ர்ஸ், ராம்ஸ், சீஃப்ஸ் மூன்றையும் அவர் சரியாகச் சொல்லியிருந்தார். 11-7 என்று அவர் முன்னே போய்விட்டார்.

அடுத்த வாரம் நிலைமை அப்படியே தலைகீழானது. 21-3 என்று பின்தங்கியிருந்த பெங்கால்ஸ், சீஃப்ஸை அவர்கள் மைதானத்திலேயே கூடுதல் நேரத்தில் 27-24 என்று வீழ்த்தியது. ராம்ஸ் 49ர்ஸை 20-17 என்று வென்றது. அவர் இரண்டிலும் எதிர்ப்பக்கம், எனக்கு எட்டுப் புள்ளி. 15-11.

எஞ்சியது பிப்ரவரி 13, சூப்பர் பௌல், ராம்ஸ் - பெங்கால்ஸ். நான் வழக்கம்போலப் பெங்கால்ஸ் என்று எழுதி ஒட்டினேன். அவர் தாளை ஒட்டவில்லை. மடித்து உறையில் போட்டு, உறையை ஃபிரிட்ஜின் மேல் வைத்தார். ஆட்டம் முடிந்த பிறகு பிரிக்கலாம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

அன்று அவர் உட்காரவே இல்லை. 20-16 என்று பெங்கால்ஸ் முன்னிலையில் இருந்தது. ஒரு நிமிடம் 25 வினாடி மிச்சம் இருக்கும்போது கூப்பர் கப் டச் டவுன் பிடித்தார். 23-20. கடைசி முயற்சியில் ஆரன் டொனால்டு பர்ரோவைச் சுற்றி வளைத்ததும் எல்லாம் முடிந்தது. கைக்கெட்டிய முன்னிலையும் கடைசி நேரத்து டச் டவுனுமாக, 1989ஐ யாரோ எடுத்துவைத்து மறுபடி ஓட்டிக் காட்டியதுபோல இருந்தது. ஹீட்டரின் இரைச்சல் மட்டும் கேட்டது.

உறையை என்னிடம் நீட்டினார். பிரித்தேன். தேதி இருந்தது. இரண்டு அணிகளின் பெயரும் இருந்தன. ஜெயிக்கும் அணி என்ற இடம் வெறுமையாக இருந்தது. பென்சில் முனை பட்ட ஒரு புள்ளி மட்டும்.

"எதிராக எழுதக் கை வரவில்லை. ஆதரவாக எழுதத் தைரியம் வரவில்லை" என்றார்.

ராம்ஸ் என்று எழுதியிருந்தால் அவருக்கு எட்டுப் புள்ளி, 19-15 என்று அவர்தான் ஜெயித்திருப்பார். அதைச் சொன்னேன். "தெரியும், வெள்ளிக்கிழமையே கூட்டிப் பார்த்துவிட்டேன்" என்றார். அந்த வார இறுதியில் சில்லிப் பாத்திரத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். நான் அதற்குள் உளுந்து ஊறப்போட்டிருந்தேன். அவர் பன்னிரண்டு வடை சாப்பிட்டார்.

2023 ஜனவரியைப் பற்றி அதிகம் சொல்ல மனம் வரவில்லை. 2ஆம் தேதி சின்சினாட்டியில் நடந்த ஆட்டத்தில், பில்ஸ் வீரர் டமார் ஹாம்லின் மோதலுக்குப் பிறகு இதயம் நின்று மைதானத்திலேயே சாய்ந்தார். அவர் கண் விழித்தார் என்ற செய்தி வரும்வரை பெரியவரும் நானும் புள்ளி, கணிப்பு என்று எதையும் பேசவில்லை. மூன்றே வாரத்தில் அதே இரு அணிகள் பில்ஸின் மைதானம் இருக்கும், பனி கொட்டும் ஆர்ச்சர்டு பார்க்கில் மோதின. பென்சிலில் பில்ஸ் என்று எழுதினார். பெங்கால்ஸ் 27-10. பெருக்கல் குறியை அவ்வளவு பெரிதாக அவர் போட்டு நான் பார்த்ததில்லை. அடுத்த வாரம் சீஃப்ஸ் என்று எழுதினார், பெங்கால்ஸ் 23-20 என்று தோற்றது. கிடைத்த நான்கு புள்ளியை அவர் தன் கணக்கில் சேர்க்கவே விடவில்லை. அதனால் அந்த வருடமும் நான் ஜெயித்தேன்.

2023, 2024 பருவங்களில் பெங்கால்ஸ் பிளேஆஃபுக்கு வரவில்லை. அந்த இரண்டு வருடமும் 13 ஆட்டங்களையும் நீலப் பேனாவில் பத்து நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டார். இரண்டு வருடமும் அவரே ஜெயித்தார், வடையும் அவருக்கே. பென்சில் ஃபிரிட்ஜின் மேலேயே கிடக்கிறது. ஒருமுறை ஏதோ கணக்குப் போட நான் அதை எடுக்கப் போனேன். "அது வேண்டாம், இதை வைத்துக்கொள்" என்று சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவிக் கொடுத்தார்.