உதவி: பழைய வலைப்பூவைத் திறந்தால் சூதாட்டத் தளம் வருகிறது

ரேடியோக்காரன்:
வணக்கம். 2009-ல் பிளாகரில் ஆரம்பித்து 2015 வரை பழைய ரேடியோ ரிப்பேர் பற்றி 140 பதிவு எழுதினேன். வேலைப்பளுவில் அப்படியே விட்டுப்போச்சு. இப்போது நேரம் இருக்கிறது. பொழுதுபோக்காக எழுதலாம், கைச்செலவுக்கு ஏதாவது வந்தால் சந்தோஷம் என்று திரும்பி வந்தேன். வந்த இடத்தில் இப்படி! அன்று வாங்கிய டாட் காம் முகவரியை நான் புதுப்பிக்கவில்லை. வேறு யாரோ வாங்கி சூதாட்டத் தளம் நடத்துகிறார்கள். பிளாகர் இலவசமாகத் தந்த பிளாக்ஸ்பாட் முகவரியை அடித்தாலும் அங்கேதான் போய் நிற்கிறது. பதிவெல்லாம் போய்விட்டதா?

கம்பிவால்:
எங்கேயும் போகலை, பயப்படாதீங்க. பிளாக்ஸ்பாட்டை அந்தப் பக்கம் திருப்பிவிடச் சொன்னது நீங்கதான், அன்னைக்கு. செட்டிங்ஸில் 'பப்ளிஷிங்' பகுதிக்குப் போய் கஸ்டம் டொமைனை, அதாவது அந்த டாட் காம் முகவரியை, நீக்குங்க. பழைய பிளாக்ஸ்பாட் முகவரி உயிர் பெற்றுவிடும். கையோடு ஒரு பேக்கப்பும் எடுத்து வையுங்க.

ரேடியோக்காரன்:
வந்துவிட்டது! ரொம்ப நன்றி. அதே வேகத்தில் கூகுளின் விளம்பரத் திட்டமான ஆட்சென்ஸுக்கு விண்ணப்பித்தேன், 'மதிப்புக் குறைந்த உள்ளடக்கம்' என்று திருப்பிவிட்டார்கள். 140 பதிவு இருந்துமா?

மைக்கூடு:
சார், உங்க பதிவு ஏழெட்டைப் படித்தேன். எழுத்தில் குறையில்லை. ஆனால் "சென்ற பாகம் இங்கே" என்று கொடுத்திருக்கிற இணைப்பெல்லாம் பழைய டாட் காமுக்குப் போகுது. அதாவது உங்க வாசகரை நீங்களே சூதாட்டத்துக்கு அனுப்புறீங்க. மறுத்ததற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அவர்கள் விவரம் தருவதில்லை. ஆனாலும் முதலில் சரிசெய்ய வேண்டியது இதுதான். பேக்கப் கோப்பை நோட்பேடில் திறந்து அந்த முகவரியைத் தேடினால் எந்தெந்தப் பதிவு என்று தெரிந்துவிடும். காணாமல் போன படங்களை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கிற வேபேக் மெஷினில் பழைய முகவரி கொடுத்துத் தேடுங்க, பாதியாவது சிக்கலாம். ஓரத்தில் இருக்கிற ஃப்ளாஷ் கடிகாரத்தையும் தூக்கிடுங்க. அசையும் படங்களுக்கான அந்த ஃப்ளாஷ் மென்பொருள் 2020 கடைசியோடு முடிந்துபோன விஷயம். உங்க வலைப்பூவின் டெம்ப்ளேட்டும் (பக்க வடிவமைப்பு) பழசு, மொபைலில் படிக்கவே முடியலை.

கம்பிவால்:
வருமானம் பற்றி ஒரு வார்த்தை. ஆட்சென்ஸ் தமிழை ஏற்றுக்கொண்டதே 2018-ல்தான், அதனால் நீங்க எழுதின காலத்தைவிட வழி இப்போ திறந்திருக்கு. ஆனால் 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். பார்வை குறைவான வலைப்பூவுக்கு அதுக்கு மாதக்கணக்கில் ஆகும். விளம்பரத்தை நம்பி உட்காராதீங்க. உங்களிடம் இருக்கிறது கைவேலை. ரிப்பேர் படிகளைத் தொகுத்து ஒரு மின்னூலாக விற்கலாம், வாசகர்களை மின்னஞ்சல் பட்டியலில் சேர்க்கலாம். வலைப்பூக்களின் புதுப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டின கூகுள் ரீடரை 2013-லேயே மூடிட்டாங்க. அது வழியாகப் படித்தவங்க தானாகத் திரும்ப வர மாட்டாங்க.

ரேடியோக்காரன்:
தேடினேன். 63 பதிவில் அந்த இணைப்பு! இருபது முடித்திருக்கிறேன். மீதியையும் முடித்துவிட்டுத்தான் மறுபடி விண்ணப்பம். திருத்தும்போது இன்னொன்று கண்ணில் பட்டது: 2011 பதிவு ஒன்றில் கெப்பாசிட்டர் மதிப்பைத் தப்பாக எழுதியிருக்கிறேன். சத்தமில்லாமல் மாற்றிவிடலாமா?

மைக்கூடு:
வேண்டாம் சார், 'திருத்தம்' என்று மேலேயே போடுங்க. அதைப் பார்த்து எத்தனை பேர் சால்டர் வைத்தார்களோ.