மல்லாந்து கிடந்த கிடாரியும் 54-க்கு இறங்கிய அழுத்தமும்

முழு மயக்கத்தில் இருக்கும் மாட்டுக்கு இரத்த அழுத்தம் இறங்கினால், கால்நடை மருத்துவர்களான நம் கை முதலில் மருந்துக் குப்பியைத்தான் தேடுகிறது. என் கையும் அதைத்தான் தேடியது. அன்று நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

280 கிலோ கிடாரி, தொப்புள் குடலிறக்க அறுவை. 24 மணி நேரம் தீவனத்தையும் 12 மணி நேரம் தண்ணீரையும் நிறுத்தியிருந்தோம். மாட்டை அமைதிப்படுத்தும் சைலசின் மருந்தைக் கொஞ்சம்தான் கொடுத்தேன்; குதிரைக்குத் தேவைப்படுவதில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். கீட்டமைனில் மயக்கி, மூச்சுக்குழாயில் குழாய் செலுத்தி, மூச்சு வழியே செல்லும் மயக்க மருந்தான ஐசோஃப்ளூரேனுக்கு மாற்றினேன். காதுத் தமனியில் ஊசிக்குழாய், இதய மட்டத்தில் அழுத்த உணரி. சராசரி இரத்த அழுத்தம் 88 மி.மீ. பாதரசம்.

மல்லாத்திக் கட்டிய கால் மணி நேரத்தில் அது 54.

பெரிய மாட்டில் சராசரியை 70-க்குக் கீழே விடுவதில்லை என்பது என் உறுதி. அழுந்திக் கிடக்கும் தசைகளுக்கு இரத்தம் எட்டாவிட்டால், அறுவை நன்றாக முடிந்தாலும் மாடு எழுந்து நிற்காது. அப்படி எழாமல் போன ஒரு பசுவின் அருகில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். அந்த இரவு எனக்கு மறக்காது.

கண்ணைப் பார்த்தேன். கீழிமைக்குள் சரிந்திருக்க வேண்டிய கருவிழி நடுவில் நின்றது. மயக்கம் தேவைக்கு மேல் ஆழ்ந்திருந்தது. ஐசோஃப்ளூரேனை 2.5 சதவீதத்திலிருந்து 1.5-க்குக் குறைத்தேன். சிரை வழியாக ஏறும் ரிங்கர் லாக்டேட் திரவத்தை மணிக்குக் கிலோவுக்கு 10 மில்லி என்ற வேகத்துக்கு உயர்த்தினேன். கருவிழி மெல்லச் சரிந்தது. அழுத்தம் 56-ஐத் தாண்டவில்லை. இதயத் துடிப்புக்கு வலுவூட்டும் டோபுடமினைத் தொடங்கினேன், கிலோவுக்கு நிமிடத்துக்கு 1 மைக்ரோகிராம். இதயத்துடிப்பு 64-லிருந்து 104-க்கு ஏறியது. அழுத்தம் 59. துடிப்பதற்குக் குறைவில்லை, துடிக்கும் இதயத்துக்குள் வந்து சேரும் இரத்தம்தான் போதவில்லை.

அப்போது உதவியாளர் சொன்னார்: "டாக்டர், வயிற்றைத் தட்டிப் பாருங்கள், மத்தளம் போல ஒலிக்கிறது."

பட்டினி போட்டிருந்தும் மாட்டின் பெரிய முதல் இரைப்பையான அசையிரைப்பையில் நொதித்தல் நிற்பதில்லை. மயக்கத்தில் ஏப்பமும் வராது. வாயு நிறைந்த அந்தப் பெரும் பை, மல்லாந்த நிலையில் முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் கீழ்ப்பெருஞ்சிரையின் மேல் கிடக்கிறது. சிரை நசுங்கினால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறையும். அந்த நேரத்தில் டோபுடமின் இரத்தம் நிறையாத இதயத்தைத்தான் விரட்டும்.

மேசையை இடப்பக்கம் சற்றுச் சாய்த்தோம், ஏனெனில் அந்தச் சிரை நடுக்கோட்டுக்கு வலப்புறம் ஓடுகிறது. வயிற்றுக்குழாயைச் செலுத்தியபோது முதலில் வந்தது நீர் மட்டுமே. மல்லாந்த மாட்டில் வாயு மேலே தொப்புள் பக்கம் சேர்ந்துவிடும், உணவுக்குழாயின் வாயோ நீருக்குள் மூழ்கியிருக்கும். குழாயை முன்னும் பின்னும் நகர்த்தி நகர்த்தித்தான் வாயு இருந்த இடத்தைப் பிடித்தோம். செயற்கைச் சுவாசக் கருவியின் அழுத்தத்தையும் குறைத்தேன். அதுவும் நெஞ்சுக்குள் இரத்தம் திரும்புவதைத் தடுக்கும். ஐந்து நிமிடத்தில் 72, பிறகு 78. டோபுடமினை நிறுத்தினேன். கிடாரி அன்று மாலையே தானாக எழுந்து நின்றது.

இப்போதெல்லாம் மாட்டை மல்லாத்துவதற்கு முன்பே வயிற்றுக்குழாய் உள்ளே இருக்கிறது.

———

ஐயா மேலே எழுதியதைப் படித்ததும் நான் மயக்கம் கொடுத்த பசு ஒன்று நினைவுக்கு வந்தது. ஈன்று ஆறு நாளான கறவைப் பசு, பின்னங்கால் எலும்பு முறிவு. வயிறு தளர்ந்துதான் இருந்தது, மயக்கமும் சரியான ஆழத்தில். திரவம் கொடுத்தும் டோபுடமின் கொடுத்தும் அழுத்தம் 58-ஐ விட்டு அசையவில்லை. இரத்தத்தில் அயனிக் கால்சியத்தைப் பார்த்தபோது அது மிகக் குறைவு. ஈன்ற பசுவின் கால்சியம் மடியில் இறங்கிவிடுகிறது என்பது நமக்கெல்லாம் தெரியும். அறுவை மேசையில் மட்டும் ஏன் அதை மறக்கிறோம்? கால்சியம் இல்லாமல் இதயத் தசையும் சுருங்காது, இரத்தக்குழாய்ச் சுவரும் இறுகாது. கால்சியம் போரோகுளுக்கோனேட்டைச் சிரை வழியாக மிக மெதுவாக, இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டே செலுத்தினேன். வேகமாக விட்டால் துடிப்பே தாறுமாறாகி மாடு மேசையிலேயே போய்விடும். இருபது நிமிடத்தில் 75. கறவைப் பசு என்றால் மயக்கத்துக்கு முன்பே கால்சியம் பார்த்துவிடுங்கள், தயவுசெய்து.

———

முதலில் எழுதியவரைப் போலத் தமனிக்குள் நேரடியாக அழுத்தம் பார்க்கும் வசதி என்னிடம் இல்லை. வாலில் கட்டிக் காற்றடைத்து அழுத்தம் பார்க்கும் பட்டைதான். ஒரு காளைக்கு நீண்ட அறுவை முழுக்க சராசரி 85 என்றே காட்டியது, விரலுக்கும் நாடி துள்ளலாகவே பட்டது. நிம்மதியாக இருந்தேன். காளை எழுந்தபோது ஒரு முன்னங்கால் ஊன்றவில்லை, தோள் தசை கல்லாகக் கெட்டித்திருந்தது. மூன்று நாள் தாங்கிப் பிடித்து, வலிமருந்தும் திரவமும் கொடுத்துத்தான் மீட்டேன்.

பின்னர் விளங்கியது. பட்டையின் அகலம் வாலின் சுற்றளவில் சுமார் 40 சதவீதம் இருக்க வேண்டும். என்னுடையது குறுகலானது, குறுகிய பட்டை அழுத்தத்தைக் கூட்டித்தான் காட்டும். விரலையும் நம்ப முடியாது. மேலழுத்தம் 100, கீழழுத்தம் 35 என்றால் இடைவெளி பெரிது, ஆகவே நாடி துள்ளும். ஆனால் சராசரி 57-ஐ ஒட்டித்தான் நிற்கும்.

இப்போது மூன்று அகலங்களில் பட்டைகள் வைத்திருக்கிறேன். வாலை நாடாவால் அளந்த பிறகே ஒன்றை எடுக்கிறேன். காதுத் தமனியில் ஊசிக்குழாய் போடவும் பழகிக்கொண்டு வருகிறேன்.